கிளை அலுவலகத்து விபிஎன் 9 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாதது ஏன்? நெறிமுறைகளை ஒப்பிடும் ஒரு நிகழ்வு ஆய்வு

தலைமை அலுவலகம் ஒன்று, 12 பேர் இருக்கும் கிளை ஒன்று, வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் சிலர். சிறு நிறுவனங்களில் பரவலாக இருக்கும் இந்த அமைப்பையே இங்கே மாதிரியாக எடுத்துக்கொள்கிறோம். இரு அலுவலகங்களிலும் பிபிபிஓஇ (இணைய நிறுவனங்கள் பயன்படுத்தும் ஓர் இணைப்பு முறை) வழியாக வரும் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. இடையே ஒரு பாக்கெட் போய்வர 60 மில்லி விநாடி. தலைமை அலுவலகத்தில் விபிஎன் (இணையத்தின் வழியே போகும் குறியாக்கிய தனிப் பாதை, அதாவது டனல்) சர்வராக, ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி. அதில் ஓடுவது ஓப்பன்விபிஎன் என்ற நெறிமுறை: டிசிபி (தொலைந்ததைத் திரும்ப அனுப்பும் போக்குவரத்து முறை) 443ஆம் போர்ட், ஏஇஎஸ்-256-சிபிசி குறியாக்கம், எல்இசட்ஓ சுருக்கம், அனுப்பும் பஃபரும் வாங்கும் பஃபரும் (தரவு காத்திருக்கும் நினைவகப் பகுதிகள்) 65536 பைட் என்று இரண்டு வரிகள். பழைய வழிகாட்டியிலிருந்து நகலெடுத்து, அப்படியே கைமாறி வந்த கான்ஃபிக் ஃபைல்.

புகார்கள் நான்கு. கிளையில் யார் பெரிய ஃபைலை இழுத்தாலும் மற்ற எல்லாருக்கும் வேகம் விழுகிறது. மொத்த வேகம் 9 எம்பிபிஎஸ்ஸை ஒட்டியே நின்றுவிடுகிறது. மழைக்காலத்தில் இணைப்பு கொஞ்சம் தடுமாறினாலும் டனல் நிமிடக்கணக்கில் உறைந்துபோகிறது. மடிக்கணினியை வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாற்றினால் ஒரு நிமிடம் எதுவும் திறப்பதில்லை.

இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் கேட்பது "எந்த நெறிமுறை வேகமானது?" என்றுதான். அதற்கு முன்னால் வேகத்தை எது பிடித்து வைத்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். பார்க்காமல் மாற்றினால் அதே கோளாறு புதுப் பெயரில் தொடரும்.

எங்கே இடிக்கிறது

முதலில் டனலுக்கு வெளியே ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் கருவியை வைத்து அளக்க வேண்டும்: 30 விநாடி, இரண்டு திசையிலும், ஒற்றை ஓட்டமாகவும் நான்கு ஓட்டமாகவும். பிறகு அதையே டனலுக்குள். நான்கு ஓட்டங்களின் கூட்டுத்தொகை ஒற்றை ஓட்டத்தைவிட நன்றாகக் கூடினால், ஒவ்வொரு ஓட்டத்தின் சாளர அளவுதான் (பதில் வருமுன் அனுப்பக்கூடிய தரவின் அளவு) தடை. கூட்டினாலும் அதே எண்ணில் நின்றால், எல்லா ஓட்டங்களுக்கும் பொதுவான ஏதோ ஒன்று இடிக்கிறது. அது சிபியுவாகவோ, டனலையே சுமக்கும் வெளி டிசிபியாகவோ இருக்கும். அளவு ஓடும்போதே இன்னொரு திரையில் சிபியு சுமையைக் காட்டும் ஹெச்டாப்பைத் திறந்து வைத்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். ஓப்பன்விபிஎன் ஒரே இழையில் ஓடுவதால், சிபியு தடையென்றால் ஒரு கோர் மட்டும் முழுக்க நிரம்பி மற்ற மூன்றும் சும்மா இருக்கும்.

இங்கே நான்கு கோரும் சும்மா இருக்கின்றன. வேகம் மட்டும் ஏறவில்லை. விடை கணக்கில் இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பை 60 மில்லி விநாடி தூரத்துக்கு நிரப்ப வேண்டுமென்றால் எந்நேரமும் 750 கிலோபைட் வழியில் இருந்தாக வேண்டும். பஃபர் 64 கிலோபைட் என்று கட்டிப்போட்டால் கெர்னல் தானாக அதைப் பெருக்கிக்கொள்ளும் வசதியும் போய்விடுகிறது. 65,536 பைட்டை 8ஆல் பெருக்கி 0.06 விநாடியால் வகுத்தால் 8.7 எம்பிபிஎஸ். கிளை முழுவதும் ஒரே கிளையன்ட்டாக இணைவதால் 12 பேருக்கும் சேர்த்துத்தான் இந்த 8.7. குறியாக்கத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

அந்த இரண்டு வரிகளையும் நீக்கினால் வேகம் ஏறும், அடுத்த சுவரில் முட்டும். இப்போது ஒரு கோர் நிரம்பி வழியும். ராஸ்பெரி பை 4இன் சிப்பில் ஏஇஎஸ் கணக்கை நேரடியாகச் செய்யும் கட்டளைகள் கிடையாது (பை 5இல் உண்டு). எல்லாம் மென்பொருளிலேயே நடக்க வேண்டும், அதற்கு மேல் சிபிசி முறைக்குத் தனியாக ஹெச்மேக் (தரவு மாறவில்லை என்று சரிபார்க்கும்) கணக்கு வேறு. ஓப்பன்எஸ்எஸ்எல் குறியாக்க நூலகத்தின் வேகச் சோதனையில் ஏஇஎஸ்-256-ஜிசிஎம், சாசா20-பாலி1305 என்ற இரு குறியாக்க முறைகளையும் அதே போர்டில் ஓட்டினால், இப்படிப்பட்ட சிப்பில் சாசா முந்தும். ஏஇஎஸ் கட்டளை உள்ள சிப்பில் ஏஇஎஸ் முந்தும். விர்ச்சுவல் மெஷினில் சர்வர் வைப்பவர்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது: சிபியு வகையைக் கேவிஎம்64 மாதிரி பொதுவான ஒன்றாக விட்டால், அடியில் இருக்கும் சிப்பில் ஏஇஎஸ் கட்டளை இருந்தாலும் விருந்தினர் மெஷினுக்கு அது தெரியாது. சிபியு விவரத்தின் கொடிகளில் ஏஇஎஸ் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஹோஸ்ட் சிபியுவை அப்படியே கடத்தும்படி மாற்ற வேண்டும்.

டிசிபிக்குள் டிசிபி

மூன்றாவது புகாரின் வேர் இது. வெளி டனல் டிசிபி. உள்ளே போகும் ஃபைல் பரிமாற்றமும் டிசிபி. வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் வெளி டிசிபி அதைத் திரும்ப அனுப்பி வாங்கும் வரை, பின்னால் நல்லபடியாக வந்து சேர்ந்த பாக்கெட்டுகளையும் மேலே விடாது. உள்ளே இருக்கும் டிசிபிக்கு இது தெரியாது. பதில் வரவில்லை என்று அதன் கடிகாரம் தீர்ந்து, தன் பங்குக்கு அதே தரவை மறுபடி அனுப்புகிறது. அந்த நகல்களும் வெளி டிசிபியின் வரிசையிலேயே போய் நிற்கின்றன. வெளி டிசிபி எதையும் கைவிடாது, எல்லாவற்றையும் கொண்டுசேர்த்தே தீரும். வரிசை நீள நீளத் தாமதம் கூடுகிறது, தாமதம் கூடக் கூட உள்ளே மறு அனுப்பல் கூடுகிறது. இழப்பே இல்லாத இணைப்பில் இது தலைகாட்டாது. அதனால்தான் சோதனை மேசையில் எல்லாம் சரியாக ஓடி, மழை நாளில் விழுகிறது.

டிசிபி 443 வைத்திருப்பதற்கு ஒரே நியாயம், யுடிபியை (தொலைந்ததைத் திரும்ப அனுப்பாத போக்குவரத்து முறை) அடைத்து வைத்திருக்கும் விருந்தினர் நெட்வொர்க்குகள். அது கடைசி வழியாக இருக்கட்டும். இரண்டு அலுவலகங்களுக்கு இடையிலான நிரந்தர இணைப்புக்கு அதை வைப்பது வீண்.

தலைப்பகுதியின் எடை

வயர்கார்டு என்ற இன்னொரு விபிஎன் நெறிமுறை வேகமாக ஓடக் காரணம் அதன் தலைப்பகுதி (ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் சேரும் விவரம்) சிறியது என்று எழுதுவதைப் பார்க்கிறோம். எண்ணிப் பார்த்தால் கதை வேறு. ஐபிவி4 மேல் வயர்கார்டு பாக்கெட்டுக்குச் சேரும் எடை 60 பைட்: ஐபிக்கு 20, யுடிபிக்கு 8, வயர்கார்டு தலைப்பகுதி 16, சரிபார்ப்பு முத்திரை 16. ஓப்பன்விபிஎன், யுடிபியும் ஏஇஎஸ்-ஜிசிஎம்மும் என்றால் 52 பைட்: 28உடன் அடையாளம் 4, பாக்கெட் எண் 4, முத்திரை 16. மூன்றாவது நெறிமுறையான ஐபிசெக், நாட் (பல கருவிகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் முறை) தாண்டும் உறையோடு ஏஇஎஸ்-ஜிசிஎம் என்றால் 62 பைட்டும் அதற்கு மேல் ஓரிரு நிரப்பு பைட்டும். ஆக ஓப்பன்விபிஎன்தான் இளைத்தது! வயர்கார்டில் 1420 பைட் பாக்கெட் வெளியே 1480 ஆகப் போகிறது. இழப்பு 4 சதவீதம்தான். மூன்றுக்கும் இடையிலான வித்தியாசம் அதிலும் ஒரு துளி.

வேகத்தைத் தீர்மானிப்பது பாக்கெட்டை யார் தொடுகிறார்கள் என்பது. வயர்கார்டும் ஐபிசெக்கும் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே வேலையை முடிக்கின்றன. வயர்கார்டு குறியாக்கத்தைப் பல கோர்களுக்குப் பகிர்ந்தும் கொடுக்கிறது. பழைய ஓப்பன்விபிஎன்னில் ஒவ்வொரு பாக்கெட்டும் கெர்னலிலிருந்து பயனர் நிரலுக்கு ஏறி, குறியாக்கம் ஆகி, மறுபடி கெர்னலுக்கு இறங்க வேண்டும். 2023 ஜனவரியில் வந்த ஓப்பன்விபிஎன் 2.6இன் டிசிஓ வசதி இந்த ஏற்ற இறக்கத்தை நீக்கித் தரவுப் பாதையைக் கெர்னலுக்குள் கொண்டுபோனது. லினக்ஸ் 6.16இலிருந்து அதற்கான மாட்யூல் கெர்னலுடனேயே வருகிறது. ஆனால் டிசிஓ சில விஷயங்களைப் பொறுத்துக்கொள்ளாது: சுருக்கம் கூடாது, சிபிசி கூடாது, டேப் முறை (ஈதர்நெட்டையே சுமக்கும் முறை) கூடாது. கான்ஃபிக்கில் ஒரு பழைய எல்இசட்ஓ வரி மிச்சமிருந்தாலும் சர்வர் சத்தமில்லாமல் பழைய பாதைக்குத் திரும்பிவிடும். லாக்கில் ஒரே ஒரு வரி மட்டும் வரும். "டிசிஓ போட்டும் வேகம் ஏறவில்லை" என்பவர்கள் முதலில் அந்த வரியைத் தேட வேண்டும்.

சுருக்கத்தை எப்படியும் எடுத்தே ஆக வேண்டும். குறியாக்கத்துக்கு முன் சுருக்கினால் பாக்கெட்டின் நீளமே உள்ளடக்கத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதை 2018இல் வெளியான வோராக்கிள் தாக்குதல் நிரூபித்துவிட்டது.

பழைய நெறிமுறையான எல்2டிபி/ஐபிசெக் இரண்டு உறை போடுகிறது, அதிலும் வெளி உறை ஐபிசெக்தான். புதிதாக அமைப்பவர்கள் அதைத் தொடக் காரணம் எதுவும் இல்லை.

மாற்றியதும் வரும் சிக்கல்: எம்டியூ

கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இடையே வயர்கார்டு போட்டாயிற்று. பிங் போகிறது, எஸ்எஸ்ஹெச் நுழைகிறது, சின்னப் பக்கங்கள் திறக்கின்றன. பெரிய ஃபைல் மட்டும் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. இந்த அறிகுறியைப் பார்த்தாலே எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) என்று சொல்லிவிடலாம்.

வயர்கார்டின் வழக்கமான எம்டியூ 1420. ஈதர்நெட்டின் 1500இலிருந்து ஐபிவி6 மேல் போகும்போது சேரும் 80 பைட்டைக் கழித்து வந்த எண் அது. பிபிபிஓஇ இணைப்பு 8 பைட்டை எடுத்துக்கொண்டு 1492தான் தருகிறது. எதிர்முனை முகவரி ஐபிவி4 என்றால் 1420உடன் 60 சேர்ந்து 1480, தாராளமாக நுழையும். அதே சர்வர் பெயருக்கு ஐபிவி6 முகவரியும் இருந்து, கிளை ரவுட்டர் அதைத் தேர்ந்தெடுத்தால் 1420உடன் 80 சேர்ந்து 1500, நுழையாது. பாக்கெட் துண்டாகிப் போகும். வழியில் துண்டுகளை எறியும் ஃபயர்வால் ஒன்று இருந்தால் முழுப் பாக்கெட்டும் போச்சு. நேற்று வரை ஓடியது, இன்று ஐபிவி6 திறந்ததும் நின்றது என்றால் இதுதான் காரணம்.

கண்டுபிடிக்கும் முறை: டனலை நிறுத்திவிட்டு, எதிர்முனையின் ஐபிவி4 முகவரிக்குத் துண்டாக்கத் தடையோடு பிங் அனுப்புங்கள். 1464 பைட் போய், 1465 போகவில்லையென்றால் பாதையின் அளவு 1464 கூட்டல் 28, அதாவது 1492. அதில் ஐபிவி4க்கு 60, ஐபிவி6க்கு 80 கழித்தால் டனலின் எம்டியூ. இங்கே இரண்டுக்கும் ஒத்துவர 1412 என்று இரு முனையிலும் வைக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் மாற்றினால் ஒரு திசையில் மட்டும் சரியாகும். பதிவிறக்கம் ஓடும், பதிவேற்றம் நிற்கும்.

கூடவே ரவுட்டரில் எம்எஸ்எஸ் (ஒரு டிசிபி பாக்கெட்டில் அடங்கும் தரவின் உச்ச அளவு) கட்டுப்பாடு: ஐபிவி4க்கு எம்டியூவில் 40 குறைத்து 1372, ஐபிவி6க்கு 60 குறைத்து 1352. இது டிசிபியை மட்டுமே காப்பாற்றும், ஆகவே எம்டியூவைத் திருத்தாமல் இதை மட்டும் போட்டு நிறுத்திவிடக் கூடாது.

வீட்டிலிருந்து, மொபைல் ஹாட்ஸ்பாட் வழியாக வருபவர்களுக்கு 1412கூட அதிகமாகலாம். பல மொபைல் நெட்வொர்க்குகள் ஐபிவி4 பாக்கெட்டை ஐபிவி6 ஆக மாற்றியே கொண்டுபோகின்றன. அதில் 20 பைட் கூடுகிறது. மடிக்கணினிகளுக்கும் போன்களுக்கும் 1280 வைப்பது நிம்மதி. அதற்குக் கீழே போனால் டனலுக்குள் ஐபிவி6 ஓடாது, ஏனென்றால் 1280தான் ஐபிவி6 கேட்கும் குறைந்தபட்சம்.

இணைப்பு நிலைப்பது

நாட் ரவுட்டர்கள் யுடிபி ஓட்டத்தை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கின்றன என்பதே இங்கே முக்கியம். ஆர்எஃப்சி 4787 என்ற இணையத் தர ஆவணம், 2 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. நடைமுறையில் 30 விநாடியில் மறந்துவிடும் ரவுட்டர்கள் ஏராளம். வயர்கார்டு வேலை இல்லாதபோது வாய் திறக்காது. எனவே நாட்டுக்குப் பின்னால் இருக்கும் கிளையை, தலைமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டால் (பிரின்ட் அனுப்புவது போல) பதில் இருக்காது. கிளையில் யாராவது எதையாவது திறந்ததும் உயிர் வரும். கிளை முனையில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் (இணைப்பு மறக்கப்படாமலிருக்க அனுப்பும் சிறு பாக்கெட்) 25 விநாடி என்று வைத்தால் தீரும். போன்களில் இதை வைக்க வேண்டாம், ரேடியோவை எழுப்பிக்கொண்டே இருந்து பேட்டரியைத் தின்னும்.

நெட்வொர்க் மாறும்போது வயர்கார்டுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. புது முகவரியிலிருந்து சரியான சாவியோடு ஒரு பாக்கெட் வந்தாலே சர்வர் அந்த முகவரிக்கு மாறிவிடும். ஐபிசெக்குக்குச் சாவிகளை ஏற்பாடு செய்யும் ஐகேஇவி2, மோபைக் என்ற நீட்டிப்பால் இதையே செய்கிறது. டிசிபியில் ஓடும் ஓப்பன்விபிஎன் பழைய இணைப்பு செத்தது தெரியாமல் காத்திருக்கும். கீப்அலைவ் 10 60 என்றிருந்தால் 60 விநாடி ஆனபின்தான் மறு இணைப்பு. நான்காவது புகாரின் ஒரு நிமிடம் அதுதான்.

வயர்கார்டில் தெரியாமல் விழும் குழிகள் மூன்று. ஒன்று, எதிர்முனையை டொமைன் பெயரால் கொடுத்தால் அது தொடங்கும்போது ஒரு முறைதான் ஐபியாக மாற்றப்படும். தலைமை அலுவலகத்தின் ஐபி இரவில் மாறினால் கிளை பழைய ஐபியையே தட்டிக்கொண்டிருக்கும். வயர்கார்டு டூல்ஸ் தொகுப்போடு இதற்கென ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வருகிறது, டைமரில் போட்டுவிடலாம்.

இரண்டு, கடிகாரம். ஹேண்ட்ஷேக்கைத் (இரு முனைகளும் சாவிகளை ஒத்துக்கொள்ளும் பேச்சு) தொடங்கும் பாக்கெட்டில் நேரம் இருக்கும். முன்பு வந்ததைவிடப் பழைய நேரம் என்றால் எதிர்ப்பக்கம் அதை ஒதுக்கிவிடும். ராஸ்பெரி பை 4இல் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. கரன்ட் போய் வந்தால் நேரம் பின்னோக்கிப் போயிருக்கும், நேரத்தை நெட்வொர்க் வழியே ஒத்திசைக்கும் என்டிபி சரிசெய்யும் வரை அந்தப் பக்கம் தொடங்கும் ஹேண்ட்ஷேக் எதுவும் ஏறாது. என்டிபி சர்வரையே டனலுக்கு அந்தப்பக்கம் வைத்திருந்தால் தானாக மீள வழியில்லை. என்டிபி எப்போதும் டனலுக்கு வெளியே இருக்க வேண்டும்.

மூன்று, அலவ்ட் ஐபிஸ் (ஒவ்வொரு பயனருக்கும் உரிய முகவரிப் பட்டியல்). இரண்டு பயனர்களுக்கு ஒரே முகவரியைத் தவறிக் கொடுத்துவிட்டால் கடைசியாக எழுதியவருக்கே அது போகும். முந்தையவருக்கு ஹேண்ட்ஷேக் ஆகும், தரவு மட்டும் வராது, பிழைச் செய்தியும் இருக்காது.

இந்த மௌனம் வயர்கார்டின் இயல்பு. நிலை காட்டும் கட்டளையில் அனுப்பிய பைட் ஏறி, வந்த பைட் பூஜ்யமாகவே நின்றால் போர்ட் அடைபட்டிருக்கிறது, அல்லது சாவி பொருந்தவில்லை. தரவு ஓடிக்கொண்டிருக்கும்போது கடைசி ஹேண்ட்ஷேக் 3 நிமிடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் டனல் செத்துவிட்டது என்று அர்த்தம். 2 நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பது அதன் வழக்கம்.

ஐகேஇவி2வில் அடிக்கடி நடப்பது வேறு. முதல் பாக்கெட்டுகள் 500ஆம் போர்ட்டில் நன்றாகப் போய்வரும். சர்டிஃபிகேட் சுமந்துவரும் அடுத்த பாக்கெட் 1500ஐத் தாண்டித் துண்டாகும், துண்டு வழியில் தொலையும், "இணைகிறது" என்பதிலேயே நிற்கும். இரு முனையிலும் ஐகேஇ துண்டாக்கத்தை இயக்கினால் போதும். 2014இல் ஆர்எஃப்சி 7383 இதற்காகவே வந்தது. ஃபயர்வாலில் 4500ஆம் போர்ட்டைத் திறக்க மறப்பதும் இதே அறிகுறியைத் தரும்.

பாதுகாப்பு

பழைய விபிஎன் நெறிமுறையான பிபிடிபியைப் பற்றி விவாதமே தேவையில்லை. அதன் எம்எஸ்-சாப்வி2 சரிபார்ப்பை ஒற்றை டெஸ் (பழைய, பலவீனமான குறியாக்கம்) சாவியை உடைக்கும் வேலையாகச் சுருக்கலாம் என்று 2012இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் காட்டிவிட்டார்கள். 2016இல் ஐஓஎஸ் 10இலிருந்து ஆப்பிள் அதை எடுத்துவிட்டது. ரவுட்டர் மெனுவில் இன்னமும் இருக்கிறது என்பதற்காகப் போடக் கூடாது.

மீதி மூன்றும் (வயர்கார்டு, ஓப்பன்விபிஎன், ஐகேஇவி2/ஐபிசெக்) சரியாக அமைத்தால் வலுவானவை. அமைப்பதில்தான் வேறுபாடு. வயர்கார்டில் தேர்வே இல்லை: கர்வ்25519, சாசா20-பாலி1305, பிளேக்2எஸ், அவ்வளவுதான். பலவீனமானதைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. ஐகேஇவி2வில் இரு முனையும் பேரம் பேசி முடிவெடுக்கும்; விண்டோஸ் கிளையன்ட் மாற்றாமல் விட்டால் 1024 பிட் டிஃபி-ஹெல்மன் (சாவிப் பரிமாற்றக்) குழுவை முன்வைக்கும். கிளையன்ட் இணையவில்லை என்பதற்காகச் சர்வரைத் தளர்த்துவார்கள். அப்படிச் செய்யாமல் பவர்ஷெல்லில் கிளையன்ட்டை 2048க்கு உயர்த்த வேண்டும்.

வயர்கார்டில் இல்லாதது பயனர் சரிபார்ப்பு. சாவி இருக்கும் மடிக்கணினி யார் கையில் இருந்தாலும் உள்ளே வரலாம். கடவுச்சொல், ஒருமுறைக் குறியீடு எதையும் அது கேட்காது. ஒருவர் வேலையை விட்டால் கான்ஃபிக்கில் அவருக்கான பியர் பகுதியை நீக்குவது சுலபம்தான், நீக்க நினைவிருந்தால். இரண்டாம் காரணிச் சரிபார்ப்பு கட்டாயம் என்றால் ஓப்பன்விபிஎன் அல்லது ஈஏபி என்ற பயனர் சரிபார்ப்பு முறையுடன் ஐகேஇவி2தான் வழி.

ஓப்பன்விபிஎன்னிலும் ஒரு வெடி புதைந்திருக்கிறது. ரத்தான சர்டிஃபிகேட் பட்டியலுக்கும் காலாவதி உண்டு. சர்டிஃபிகேட் தயாரிக்கும் ஈசி-ஆர்எஸ்ஏ கருவி இயல்பாக வைப்பது 180 நாள். அது கடந்த அன்று காலை ஒருவர்கூட உள்ளே வர முடியாது, எல்லாருடைய சர்டிஃபிகேட்டும் நன்றாக இருந்தும். மாதம் ஒருமுறை பட்டியலைப் புதுப்பிக்கும் டைமர் போட்டால் முடிந்தது.

எந்த நெறிமுறையும் காப்பாற்றாத ஒன்றும் உண்டு. 2024 மே மாதம் வெளியான டனல்விஷன் (சிவிஇ-2024-3661): அதே வைஃபையில் இருக்கும் ஒருவர் முகவரி வழங்கும் டிஹெச்சிபியின் 121ஆம் விருப்பத்தின் மூலம் மடிக்கணினிக்கு ஒரு ரூட்டைச் சொருகி, போக்குவரத்தை டனலுக்கு வெளியே திருப்பலாம். குறியாக்கம் உடைவதில்லை, அதைத் தொடாமலேயே பாக்கெட் போய்விடுகிறது. ஆண்ட்ராய்டு இந்த விருப்பத்தைக் கண்டுகொள்ளாததால் தப்பியது. மடிக்கணினியின் ஃபயர்வாலில், விபிஎன் சர்வருக்குப் போகும் பாக்கெட் தவிர வேறெதுவும் வைஃபை இடைமுகம் வழியே வெளியேறாதபடி விதி வைப்பதே தடுப்பு.

இந்த அமைப்புக்கான முடிவு

கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் வயர்கார்டு, யுடிபி 51820, எம்டியூ 1412, கிளை முனையில் கீப்அலைவ் 25. ராஸ்பெரி பை 4ஐ மாற்ற வேண்டியதில்லை. சாசா20 அதற்கு ஏற்றது. மடிக்கணினிகளுக்கு வயர்கார்டு, எம்டியூ 1280. யுடிபி அடைபட்ட இடங்களுக்காக மட்டும் ஓப்பன்விபிஎன் டிசிபி 443 தொடரும்: பஃபர் வரிகளும் எல்இசட்ஓ வரியும் நீக்கி, சாசா20-பாலி1305க்கு மாற்றி (2.5 முதல் இது உண்டு), டிஎல்எஸ்-கிரிப்ட் (இணைப்புப் பேச்சையும் மறைக்கும் கூடுதல் சாவி) சேர்த்து. இரண்டு டனலுக்கும் தனித்தனி முகவரி வரம்பு, உதாரணமாக 10.8.0.0/24, 10.9.0.0/24. அலுவலக உள்நெட்வொர்க் 192.168.1.0/24ஆக இருந்தால் இந்தச் சமயத்திலேயே மாற்றிவிட வேண்டும். பல வீட்டு ரவுட்டர்கள் அதே வரம்பில் இருக்கும், டனல் ஏறினாலும் அலுவலகப் பிரின்டருக்கான பாக்கெட் வீட்டுக்குள்ளேயே சுற்றும்.

மாற்றியபிறகும் ஒரு புகார் மிஞ்சும்: நூற்றுக்கணக்கான சிறு ஃபைல்கள் உள்ள ஃபோல்டரைத் திறப்பதும் நகலெடுப்பதும் மெதுவாகவே இருக்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் பல முறை போய்வர வேண்டிய எஸ்எம்பி (ஃபைல் பகிர்வு நெறிமுறை) பேச்சில், 10 சுற்றுக்கு 60 மில்லி விநாடி வீதம் 0.6 விநாடி, 500 ஃபைலுக்கு 5 நிமிடம். இதை எந்த விபிஎன் நெறிமுறையும் குறைக்காது. ஃபோல்டரை ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி அனுப்பலாம், இல்லையென்றால் கிளையிலேயே ஒரு நகல் சர்வர் வைத்து இரவில் ஒத்திசைக்கலாம்.